சிவப்பு போட்ட மருந்து

கம்பத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அச்சகம். அங்கேதான் நான் பல வருடம் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, திராட்சைப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் என்று ஊரில் அச்சானதில் பாதி என் கை பட்டுத்தான் வெளியே போயிருக்கும். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். எழுதி வைத்ததை நம் ஆட்கள் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாமல் இல்லை, தெரியும். எங்கள் அச்சக வாசலில் "இங்கு ஜெராக்ஸ் இல்லை" என்று ஒரு சாண் உயர எழுத்தில் நானே அடித்து ஒட்டியிருந்தேன். அந்தத் தாளின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். கேட்டவர்களில் வாத்தியார்களும் உண்டு.

அச்சகத்து முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் சிரிப்பார். போர்டைப் படிப்பதை விட மனுசனிடம் கேட்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள், விடும்மா என்பார். விட்டுவிடலாம். ஜெராக்ஸ் கிடைக்காவிட்டால் யாரும் சாகப் போவதில்லை.

என் வீட்டு விஷயம் அப்படி இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். எங்கள் பக்கம் திராட்சையை ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டுத்தான் வளர்ப்பார்கள். அதனால் மருந்தடிக்கிறவர் பந்தலுக்குக் கீழே நின்று குழாயை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். மேலே போனதில் இலைக்குப் பாதி, அடிக்கிறவர் தலைக்குப் பாதி. முகத்தில் துண்டு கட்டச் சொன்னால் மூச்சு முட்டுது என்பார். முழுக்கைச் சட்டை போடச் சொன்னால் கல்யாணத்துக்கா போறேன் என்பார். சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வருவார். அந்த வாடையே நமக்குக் குமட்டும். ஆனால் எங்கள் மகள், அப்போது மூன்று வயது, வண்டிச் சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டு முழங்காலில் முகத்தைப் பதித்துவிடுவாள். அவரும் அள்ளித் தூக்கிக்கொள்வார். நான் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே வருவேன். அப்பனும் மகளும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் பந்தலுக்குக் கீழேயே அவர் விழுந்துவிட்டார். வாந்தி, நிற்காத வியர்வை, கண்ணெல்லாம் மங்கல். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் போட்டுக் கம்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் அச்சகத்திலிருந்து ஓடினேன். அடித்த மருந்து பாட்டிலைக் கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். வந்தது. அதில் சாய்ந்த கட்டம் ஒன்று, அதன் கீழ்ப்பாதி முக்கோணம் முழுக்க ரத்தச் சிவப்பு, மேலே மண்டையோடு. சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்றால் உள்ளதில் கொஞ்சம் சாது. இதை டாக்டர் எனக்கு அப்போதுதான் விளக்கினார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஆள் கொஞ்சம் தெளிந்த பிறகு அவரிடம் கேட்டார்.

"இவ்வளவு பெருசா சிவப்பு போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்துத்தான் சார் வாங்குனேன். செகப்புதான் நல்ல மருந்து. பச்சை போட்டதெல்லாம் சும்மா தண்ணி."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உயிர் பிழைத்துக் கிடக்கிற மனுசனை எழுப்பி உட்கார வைத்து ஒரு அறை விடலாமா என்று வந்தது. டாக்டர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்தடித்த தோட்டத்துக்குள் நாலைந்து நாள் யாரையும் விடாதீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இவர் குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது, சின்ன உடம்பு தாங்காது என்றார்.

வாயால் சொன்னால் இவருக்கு ஏறாது. நான்தான் ஊருக்கே படம் போட்டுக் கொடுக்கிறவள் ஆயிற்றே, என் வீட்டுக்காரருக்கு ஒன்று போட்டுக் கொடுக்க மாட்டேனா என்று நினைத்தேன். நேரமும் கூடி வந்தது. அவர் வழக்கமாக மருந்து வாங்குகிற கடைக்காரர், பொங்கலுக்கு விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்குக் கொடுக்க ஒரு சுவர் சார்ட் வேண்டும் என்று அச்சகத்துக்கு வந்தார். நாலு வண்ணமும் எப்படிப் படிப்பது, எதற்கு என்ன பாதுகாப்பு என்று போடலாம் அண்ணே என்றேன். தாராளமாப் போடு தங்கச்சி என்றார். அந்தத் தாராளம் அரை நாள்கூட நிற்கவில்லை.

முதல் வரைவைப் பார்த்துவிட்டு, முருகன் எங்கே என்றார். மேலே முருகனை வைத்தேன். அவருடைய அப்பா படம் எங்கே என்றார். அவருக்கு மாலை போட்டு வலது மூலையில் வைத்தேன். கடைக்காரர் கைகூப்பி நிற்கிற படம் இடது மூலைக்கு வந்தது. பிறகு ஒரு திராட்சைக் கொத்து, கடையின் முகப்பு, மருந்து டப்பாக்களின் வரிசை. இத்தனைக்கும் நடுவில் என் நாலு முக்கோணமும் வெள்ளத்தில் அடித்துப் போகிற சட்டி பானை மாதிரி கிடந்தன. சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் கண் போய் நிற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தானே பேப்பர் வாங்குகிறோம், அதை ஏன் சும்மா விட வேண்டும் என்று கேட்டார். பாயைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

மூன்று நாள் மல்லுக்கட்டி முருகனையும் அப்பாவையும் ஒரு ஒடுங்கிய பட்டைக்குள் அடக்கினேன். அதற்குக் கீழே, சார்ட்டின் மூன்றில் ஒரு பங்குக்குச் சிவப்பு முக்கோணம், பெரிய மண்டையோட்டுடன். அடுத்து அதைவிடச் சிறிதாக மஞ்சள், இன்னும் சிறிதாக நீலம், கடைசியில் அடியில் குட்டியாகப் பச்சை. ஆபத்து எதில் அதிகமோ அது பெரிதாக, மேலே. பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன். பல வண்ண வேலை என்பதால் அச்சுக்குச் சிவகாசி போய் வந்தது. சிவப்பு சும்மா ஜொலித்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் கடைக்காரர் ஒரு பெட்டி அல்வாவோடு அச்சகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, செகப்பு ஸ்டாக்கு அத்தனையும் காலி. வர்றவகல்லாம் சார்ட்டுல மேல இருக்குறதக் குடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாக."

அந்த அல்வாவை நான் தொடவில்லை. வீட்டுக்குப் போனால், என் வீட்டுக்காரர் அந்தச் சார்ட்டை மோட்டார் ரூமில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். நீ போட்ட படத்திலேயே என் மருந்துதானே முதலாவதாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தாயே என்றார். மண்டையோடு என்று நான் ஆரம்பித்தேன். அது பூச்சிக்கு என்றார். பூச்சியை நிச்சயம் கொல்லும் என்று கம்பெனிக்காரன் கொடுத்திருக்கிற உத்தரவாதமாம் அது.

அன்று சாப்பிடாமல் படுத்தேன். யோசிக்க யோசிக்க எரிச்சல் இன்னொரு பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் ஒரு போஸ்டரில் யார் மேலே இருப்பார்? பெரிய ஆள். யார் முகம் பெரிதாக இருக்கும்? அவர் முகம்தான். அடியில் குட்டிக் குட்டியாக இருப்பவர்கள் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போட்டவர்கள். கல்யாணப் பத்திரிகை முதல் கும்பாபிஷேக நோட்டீஸ் வரை அத்தனையிலும் இதே வரிசையில் வைத்து இவர்கள் கண்ணைப் பழக்கியதே நானும் என்னைப் போன்றவர்களும்தான். அந்த வரிசைப்படி அவர்கள் சார்ட்டைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். சிவப்புதான் தலைவர், பச்சை கிளைச் செயலாளர்.

இரண்டாவது முறை கடைக்காரர் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பாயிடம் கேட்டேன். மிச்சக் காகிதத்தில் ஒற்றை வண்ணத்தில் அடித்துக்கொள், ஆனால் எழுத்தைக் குறைத்துப் படத்தைப் போடு என்றார். வண்ணமே வேண்டாம், முக்கோணமும் வேண்டாம், நடந்ததை அப்படியே வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். பந்தல், அதன் கீழே ஒரு ஆள், முகத்தில் துண்டு இல்லை, மேலிருந்து சொட்டுகிறது. பக்கத்துப் படத்தில் அதே ஆள் கீழே விழுந்து கிடக்கிறார். ஆள் என்றால் மீசை வேண்டும், மடித்துக் கட்டிய கைலி வேண்டும். வைத்தேன். சுருளிப்பட்டி டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டச் செய்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, படத்தில் விழுந்து கிடப்பது என் வீட்டுக்காரர் என்று. மீசையை வைத்துச் சொன்னார்களாம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அதே மீசைதான். இருந்தாலும், வரைந்தது பெண்டாட்டி, விழுந்தது புருசன், வேறு யாராக இருக்க முடியும்? டீக்கடையில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பெரிய விசாரணையே நடந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு அடித்திருக்கிறார், அதுதான் மயக்கம் என்று முடிவானது. அதற்கப்புறம் சுருளிப்பட்டியில் மருந்தடிக்கப் போகிறவர்கள் நாலு இட்லி சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். துண்டு கட்டியவர் ஒருவர்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் மகளிடம், உங்கம்மாகிட்டச் சொல்லு என்பார். ஒரு பொது மனுசனைப் படமாக வரைந்தால் அதில் ஒரு குறிப்பிட்ட மனுசனைக் கண்டுபிடித்துக் கேலி பண்ணுகிற ஊரில் நான் என்னத்தை வரைவது? மவுசை எடுத்துச் சுவரில் வீசலாம் போல இருந்தது. அது பாயுடைய மவுசு என்பதால் வீசவில்லை. இதற்கிடையில் அவர் வழக்கம்போல நனைந்து வருவதும், மகள் ஓடிப் போய் ஒட்டிக்கொள்வதும் நிற்கவில்லை. ராத்திரி அவள் இருமினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தக் கோடையில் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டது. வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகினார்கள். என் மகளுக்கு அந்தப் பிள்ளைதான் உயிர். தினமும் அந்த வீட்டுக்குள் இவள் விழுந்து எழுந்துதான் எங்கள் வீட்டுக்கு வருவாள். இலை கட்டிய வீட்டுக்குள் போகக் கூடாது, யாரையும் தொடக் கூடாது என்று என் மாமியார் ஒருமுறை சொன்னதோடு சரி. அதன் பிறகு வேப்பிலை தெரிகிற தூரம் வரை போவாள், தெரு நடுவில் நிற்பாள், அங்கிருந்தே பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு அடி தாண்ட மாட்டாள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. ஒரு எழுத்து இல்லை, ஒரு நிறம் விளக்க வேண்டியதில்லை. தபால்காரர் நிற்கிறார், பால்காரர் நிற்கிறார், மூன்று வயதுப் பிள்ளை நிற்கிறது.

அடுத்து அவர் மருந்தடித்த மறுநாள், அவருக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய் கேட்டில் இரண்டு பக்கமும் தழைத் தழையாக வேப்பிலை கட்டிவிட்டு வந்தேன்.

நான் செய்ததிலேயே ஊர் மொத்தமும் ஒரே பார்வையில் புரிந்துகொண்ட விளம்பரம் அதுதான். திராட்சைக் கொத்துகளுக்கு நடுவில் இலை கிள்ள வந்த பெண்கள் கேட்டிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆடு மேய்க்கிறவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். தண்ணீர் பாய்ச்சுகிறவர் போனார். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. தோட்டத்தில் பாதிதான் மருந்தடித்த கொடி, மறுபாதியில் காய் வெட்டுக்குத் தயாராக நின்றது. இரண்டுக்கும் ஒரே கேட். அந்தக் காயை வாங்கக் குமுளியிலிருந்து வந்த வியாபாரியும் வேப்பிலையைப் பார்த்தார். அம்மன் விளையாடுகிற வீட்டுத் தோட்டத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் பேசி முடித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அன்றுதான் என்னோடு நேராகப் பேசினார். அதில் எழுதக்கூடியது ஒன்றும் இல்லை. என் மாமியார் அதைவிட மோசம்.

"ஏத்தா, ஆத்தா வந்து எறங்குற எலைய நீ வெளையாட்டுக்குக் கட்டுவியா? பிள்ளைய வச்சிருக்க வீடு இது."

பிள்ளையை வைத்திருப்பதால்தான் கட்டினேன் அத்தை என்றேன். அது அவர் காதில் விழவில்லை. என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், கூழ் ஊற்ற வைத்து, கன்னத்தில் போட வைத்து, இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வைத்தார். சொன்னேன். உள்ளே கொதித்துக்கொண்டுதான் சொன்னேன். படிக்கிற மாதிரி எழுதினால் படிக்க மாட்டார்கள், பார்க்கிற மாதிரி வரைந்தால் வேறு எதையோ பார்ப்பார்கள், ஒரே ஒருமுறை சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்தால் கோயிலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வேலையே வேண்டாம் சாமி என்று அம்மனிடம் தனியாக ஒரு விண்ணப்பமும் போட்டேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான் எதுவும் சொல்லவில்லை. மருந்தடிக்கப் போகிறேன் என்பார், சரி என்பேன். அந்தச் சரியே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டது. சட்டை உடம்போடு ஒட்டி, தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வலது காதில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகியிருந்தார். மாப்பிள்ளை பூ வைத்த மாதிரி தலையைச் சாய்த்து என்னிடம் காட்டினார்.

"இந்தா பாத்துக்க. மருந்தடிச்சாச்சு. எலையும் கட்டியாச்சு. இப்பத் திருப்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் வழக்கம்போல உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவரும் வழக்கம்போல குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. அப்படியே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாத்தா, அப்பாதான். வா" என்றார்.

அவள் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்பாவத் தொடக் கூடாதாம்மா?" என்று கேட்டாள்.

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்து, பிறகு போனது. நீட்டிய கைகளைப் பார்த்தார். அதிலிருந்து மருந்து சொட்டி வாசலில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அதை அவர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். காதிலிருந்து இலையை எடுத்தார், எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. சோப்பு எங்கே என்று ஒரு சத்தம். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் வந்து அழுதேன். இத்தனை நாள் பட்ட எரிச்சல்தான் அழுகையாக வந்தது, வேறொன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வேட்டி மாற்றிக்கொண்டு வந்து அவர் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. மகள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, தொடாமல், வலது காதை எட்டிப் பார்த்தாள். சுற்றிப் போய் இடது காதையும் பார்த்தாள். அதன் பிறகுதான் மடியில் ஏறினாள்.

அன்று முதல், மருந்தடித்த நாளில் அவர் மோட்டார் தொட்டியில் குளித்து உடை மாற்றாமல் வீட்டுக்கு வந்ததில்லை. துண்டு கட்டினாரா என்றால், எப்போதாவது. சிவப்பு வாங்குவதை நிறுத்தினாரா என்றால், இல்லை, அந்தச் சண்டை இன்னும் சில வருடம் நடந்தது. என் சார்ட் மோட்டார் ரூமில் அதே ஆணியில், சிவப்பு மேலே இருக்க, நிறம் வெளுக்கும்வரை தொங்கியது. மகள் மட்டும் ரொம்ப நாளைக்கு, அவர் தோட்டத்திலிருந்து வந்தால் முதலில் இரண்டு காதையும் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போவாள். அவரும் அவள் கேட்காமலே, வாசலில் நின்று தலையைக் குனிந்து காட்டுவார்.